காரணம் என்ற கட்டம்

விபத்து அறிக்கையில் "என் கவனக்குறைவுன்னே எழுதிடுங்க சார்" என்று காயம்பட்ட தொழிலாளி கேட்டதை நான் மறுத்தது சரிதான் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உறுதியாகத் தெரிந்த ஒன்றை இத்தனை முறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் புரிகிறது.

தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸில் விரல் நுனியை இழந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இருந்தார். அதன் அச்சான டைக்குள் கை போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் அன்று சாவி போட்டு அணைக்கப்பட்டிருந்தது. தகடு டையில் ஒட்டிக்கொள்ளும் வேலைகளில், எடுக்கக் கை போகும்போதெல்லாம் பிரஸ் நின்று ஷிப்ட் எண்ணிக்கை குறையும் என்பதால் அணைப்பார்கள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அவர் இவருடைய ஊர்க்காரர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. "அண்ணன் பேரு வரக் கூடாது சார்" என்று இரண்டாவது முறை வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் விரும்பியபடி எழுதியிருந்தால் அவருக்குப் பண இழப்பு இருந்திருக்காது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில், தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தை அகற்றினார் என்று காட்டி, மரணமோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயங்களில் முதலாளி தப்பிக்க வழி இருந்தது. ஆனால் இவர் இருந்தது இ.எஸ்.ஐ. காப்பீட்டில்; அதில் வெறும் கவனக்குறைவைக் காரணம் காட்டிப் பலனை மறுப்பதில்லை. தற்காலிக ஊனத்துக்குச் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆகவே அவர் நலனுக்காகத்தான் மறுத்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்து அந்த பிரஸ்ஸில் நிற்கப்போகிறவருக்காக மறுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் கவனக்குறைவு என்று எழுதினால், பரிகாரமாக ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும், சுவரில் ஒரு போஸ்டர் ஏறும். சாவி இருந்த இடத்திலேயே இருக்கும். அன்று நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு இயந்திரத்துக்குத் தடுப்பு அமைக்கச் சொன்னது. 111ஆம் பிரிவு அதைத் தொழிலாளி கெடுக்கக் கூடாது என்றது. நிர்வாகங்களுக்கு இரண்டாவதுதான் மனப்பாடம்.

சென்சார் அணைக்கப்பட்டிருந்தது என்று எழுதினேன். அணைத்தவர் யார் என்று எழுதவில்லை. சாவி யாரிடம் இருக்கும் என்று எல்லோரும் அறிந்த இடத்தில் அது பெயரை எழுதியதற்குச் சமம்தான். சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சாவி பராமரிப்புத் துறைக்குப் போனது. திரும்பி வந்த தொழிலாளி என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார், அதற்கு மேல் பேசுவதில்லை.

ஆனால் ஷிப்ட் இலக்கு மாறவில்லை. சென்சார் இயங்கினால் அந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது என்று அதே சூப்பர்வைசர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அறிக்கை நிர்வாகத்தின் கையெழுத்தைத் தாண்டியிருக்காது, சாவியும் கைமாறியிருக்காது என்பது என் வாதம். தனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரைக் காப்பாற்ற ஒரு வரியை விட்டுவிடச் சொன்னவரிடம் இந்த வாதத்தை எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.