ஊற்றியது 40, வடித்தது 30: ஆக்டேவியா ஆயில் பதிவு

நேற்று சாயங்காலம் பரிசோதனைக் கூடத்திலிருந்து மூன்றாவது ரிப்போர்ட் வந்தது. ஓடிய இன்ஜின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பி 40, 30 என்ற இரண்டு கிரேடையும் ஒப்பிட, ஒன்றரை வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். 5டபிள்யூ-40 ஆயில், 5,000 கிலோமீட்டர் ஓடி இறங்கும்போது 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 12.1 சென்டிஸ்டோக். 40 கிரேடின் கீழ் எல்லை 12.5. ஆக, நான் ஊற்றியது 40, வடித்தது 30.

கார் 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. இன்ஜினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 மூன்றாம் தலைமுறை, 5.7 லிட்டர் ஆயில் பிடிக்கும். மூன்று சுற்று ஓட்டினேன். முதலில் 5டபிள்யூ-40, ஏ3/பி4 (ஐரோப்பிய ஆயில் தர வகை), 502 00 என்ற ஃபோக்ஸ்வாகன் அங்கீகாரம் உள்ளது. அடுத்து 5டபிள்யூ-30, சி3, 504 00. மூன்றாவது சுற்றில் மறுபடி அதே 40. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்த கேன்கள். பிராண்ட் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. ஒரு காரின் ஒரு சாம்பிளை வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடக் கூடாது.

ஏன் அதே 40 இரண்டு முறை? முதல் சாம்பிளை நானே கெடுத்துவிட்டேன். இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

முதல் ரிப்போர்ட்டில் பாகுத்தன்மை அடியோடு விழுந்திருந்தது, ஃபிளாஷ் பாயின்டும் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) கூடவே இறங்கியிருந்தது. ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கொஞ்சம் கலப்பது சகஜம், ஆனால் இது ரொம்ப அதிகம். இன்ஜெக்டர் கசிகிறதோ, உயர் அழுத்த பம்பு சீல் போய்விட்டதோ என்று மூன்று வாரம் தூக்கமில்லை. ஸ்கேன் செய்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசியில்தான் ஞாபகம் வந்தது: சாம்பிள் பாட்டிலில் ஊற்றப் பயன்படுத்திய புனல், சற்று முன்புதான் பைக் செயினைக் கழுவ பெட்ரோல் ஊற்றிய அதே புனல். துடைத்துத்தான் வைத்திருந்தேன். நூறு மில்லி ஆயிலுக்குப் புனல் கழுத்தில் தேங்கியிருந்த சில மில்லியே போதும்.

இப்போது சாம்பிள் எடுக்கும் முறை முழுக்க மாறிவிட்டது. முதல் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்புவேன். மீட்டரில் ஆயில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி இருபது நிமிடமாவது ஓட வேண்டும். வெறும் ஊருக்குள் அண்ணா நகர், அம்பத்தூர் என்று ஆறேழு கிலோமீட்டர் ஓட்டிய வாரத்தில் எடுத்தால் ஆவியாகாத பெட்ரோல் உள்ளேயே இருக்கும். ஒரு சாம்பிள் நெடுஞ்சாலைக்குப் பிறகு, இன்னொன்று ஊர் ஓட்டத்துக்குப் பிறகு என்று எடுத்தால் ஒப்பிடவே முடியாது.

காலையில் மறுபடி சூடாக்கிவிட்டு, முதலில் மேலே இருக்கும் ஃபில்டர் மூடியை 32 மில்லிமீட்டர் சாக்கெட்டில் இரண்டு மூன்று சுற்று தளர்த்தி விட்டுக் காத்திருக்க வேண்டும். ஃபில்டர் கூட்டில் நிற்கும் ஆயில் கீழே இறங்கிவிடும். பிறகு டிரெயின் பிளக். முதலில் வரும் ஆயில் சம்பின் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடிப்படிவோடு வரும், அதைப் பிடிக்கவே கூடாது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போன பிறகு, ஓடும் தாரையின் நடுவில் பாட்டிலை நீட்ட வேண்டும். புனல் கிடையாது. பாட்டில் பரிசோதனைக் கூடம் தந்த புதுசு, மூடியைக் கடைசி நொடியில்தான் திறப்பேன். கை சுடும், இரட்டைக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் புதிது, 25 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். மூடி பிளாஸ்டிக்.

சரி, எண்களுக்கு வருகிறேன். புது ஆயிலையும் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் கேனோடு வரும் தகவல் தாளில் இருப்பது வழக்கமான மதிப்பு மட்டுமே. 40 புதிதாக இருந்தபோது 13.7, வடித்தபோது 12.1. 30 புதிதாக 11.9, வடித்தபோது 11.2. புதிதில் இரண்டுக்கும் 1.8 வித்தியாசம், 5,000 கிலோமீட்டருக்குப் பிறகு அதில் பாதிதான் மிச்சம்.

காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: குளிரில் 5டபிள்யூ ஆகவும் சூட்டில் 40 ஆகவும் நிற்க, ஆயிலில் பாலிமர் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். டைமிங் செயினும் பம்பும் அரைக்க அரைக்க அந்த நீள மூலக்கூறுகள் அறுந்து ஆயில் இளகும். 5டபிள்யூ-30க்கு அந்த வீச்சு குறைவு, அறுபடவும் குறைவாகவே இருக்கிறது.

அம்பத்தூரில் என் காரைப் பார்க்கும் தம்பி ஒவ்வொரு முறையும் சொல்வார்: "அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு 40 தாண்ணே, 30 தண்ணி மாதிரி." பழைய ஜப்பானிய கார்களுக்கு அந்தப் பேச்சு சரியாக இருக்கலாம். ஆனால் பேரிங்கைக் காப்பாற்றுவது 100 டிகிரி எண் அல்ல, 150 டிகிரியில் கடும் வெட்டு விசையில் அளக்கும் பாகுத்தன்மை, அதாவது எச்டிஎச்எஸ். 504 00க்கு அது குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-நொடி இருக்க வேண்டும். ஏ3/பி4க்கும் அதே 3.5தான். அதனால் 504 00 முத்திரை உள்ள 30, தண்ணீர் அல்ல. உண்மையிலேயே இளகலானது 508 00 எனப்படும் 0டபிள்யூ-20. அதற்கு 2.6 போதும். பச்சைச் சாயம் கலந்து வருவதே மற்றதோடு குழம்பாமல் இருக்கத்தான். அதை இந்த இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

கேன் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன். ஒன்று, 'அங்கீகாரம்' என்ற சொல். லிக்வி மோலி கேன்களில் அங்கீகாரம் தனியாகவும் பரிந்துரை தனியாகவும் பிரித்து எழுதியிருப்பார்கள், அது எனக்குப் பிடித்த நேர்மை. பரிந்துரை என்றால் தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது, ஃபோக்ஸ்வாகன் சோதித்தது அல்ல. இரண்டாவது, 'முழு சிந்தடிக்' என்பதை நம்பி மட்டும் காசு கொடுப்பதில்லை. 1999இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இடையே நடந்த விளம்பரத் தகராறில், கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயையும் சிந்தடிக் என்று அழைக்கலாம் என்று தீர்ந்தது. ஜெர்மன் கேன்களில் 'ஃபோல்சிந்தேட்டிஷ்' (முழு சிந்தடிக்) என்ற சொல்லைப் பிஏஓ, எஸ்டர் என்ற வேதிமுறையில் உருவாக்கும் எண்ணெய் வகைக்கே வைத்திருக்கிறார்கள். குரூப் 3 மட்டமும் அல்ல, நான் ஓட்டிய 30 அந்த வகைதான்.

5.7 லிட்டர் என்ற அளவு இன்னும் எரிச்சல்தான். 5 லிட்டர் கேன் ஒன்று, 1 லிட்டர் ஒன்று, இரண்டும் ஒரே பேட்ச் எண்ணில் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரர் இரண்டு பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் பார்சல் போட்டார். இனி அவரிடம்தான். ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும் 300 மில்லியை டாப்-அப்புக்கு வைத்திருந்தேன். 30 ஓடியபோது அதைத் தொடவே தேவைப்படவில்லை.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அதற்கு மோட்டுல் 300வி 5டபிள்யூ-40 என்ற ரேஸ் ஆயில் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. 3.7 கிலோமீட்டர் சுற்றில் ஐந்து லேப் தொடர்ந்து அடித்தால் ஆயில் வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க ஆசை. டிராக் முடிந்த அன்றே வடித்துவிடுவேன், தினசரி ஓட்டத்துக்கு அதை வைக்கப் போவதில்லை. டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) ஆயிலும் மாற்ற வேண்டிய 60,000 கிலோமீட்டருக்கு நெருங்குகிறது, அதற்கு வேறு ஃபில்டர் ஆர்டர் போட வேண்டும்.

இப்போதைக்கு நேற்றிரவே அதே 504 00 30ஐ ஊற்றிவிட்டேன். ஓடோமீட்டர் 58,240. புது பாட்டில் ஒன்று மூடி திறக்காமல் கிளவ் பாக்ஸில் இருக்கிறது.