அவுரி நீலம்

அவுரிச் செடியின் நீலச் சாயத் தொட்டியிலிருந்து துணியை வெளியே எடுக்கும் நொடி எனக்கு அலுப்பதே இல்லை. முதலில் மஞ்சள் கலந்த பச்சைதான். காற்றுப் பட்டதும் ஓரங்களில் தொடங்கி, கண் முன்னாலேயே முழுத் துணியும் நீலமாகிறது. அவுரி நீலம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தால்தான் நூலுக்குள் இறங்கும். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து நம் அவுரி வயல்களைச் சாய்த்தது. திண்டிவனம் பக்கம் இன்னும் பயிரிடுகிறார்கள் என்பதே பெரிய நிம்மதி.

மற்ற நிறத் துணிகள் வாங்கும்போது ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். நிறம் பிடிக்க எதைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். கடுக்காய், படிகாரம் என்றால் வாங்கலாம். குரோமிய உப்பு என்றால் கழிவுநீர் நஞ்சு, நான் தொடுவதில்லை.