அமிலம், மூலம்: கணக்குக்கு முதல் குடுவைக்குள்ளை பாருங்கோ

உயர்தரப் பெறுபேறு வந்திட்டுது. இரசாயனவியலுக்கு ஏ. உயிரியலுக்கு பி. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பாக்கிற இசட் புள்ளியை இழுத்து விழுத்தினது பௌதிகவியல், அதைப் பற்றி இப்ப கதைக்கிற மனநிலையிலை நான் இல்லை. கிளிநொச்சி மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளை போகத் தேவையான ஆகக் குறைஞ்ச இசட் புள்ளி, எவ்வளவு வரும் எண்டு ஊரிலை ஆளாளுக்குச் சாத்திரம் சொல்லிக்கொண்டு இருக்கினம். அடுத்த முறை எழுதப்போற தம்பி தங்கச்சியவை கனபேர் கேட்டபடியால், எனக்குக் கைகுடுத்த ஒரு அலகைப் பற்றி மட்டும் எழுதுறன்: அமில மூலச் சமநிலை.

எங்கடை பள்ளிக்கூடத்திலை இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருந்த காலம் குறைவு. ஒருத்தர் வருவார், பழகுவார், இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவார். மிச்சம் முழுக்க சனி ஞாயிறு வகுப்பும் சூமும்தான். சிக்னல் வேணுமெண்டால் வேலிக்கரைக்குப் போகோணும். வகுப்பிலை ஒரு தாளிலை சூத்திரங்களை வரிசையா அடிச்சுத் தருவினம்: மென்னமிலத்துக்கு இது, தாங்கற் கரைசலுக்கு (கொஞ்சம் அமிலமோ மூலமோ விட்டாலும் பிஎச் பெரிசா மாறாத கரைசல்) இது, உப்புக்கு இது. பாடமாக்கிறதிலை கெட்டிக்காரர் அதை வைச்சே போகலாம். எனக்கு அது ஏறாது. நான் ஆறுதலாச் செய்யிற ஆள், ஏன் எண்டு விளங்காட்டி கை ஓடாது. ஆனபடியால் நான் சொல்லுறது என்னைப் போல ஆக்களுக்குத்தான் பொருந்தும்.

விசயம் இதுதான். பேனையைக் கணக்கிலை வைக்க முதல் ஒரு வரி எழுதுங்கோ: இப்ப குடுவைக்குள்ளை என்னென்ன இருக்கு, எத்தினை மோல்? செறிவு பிறகு. முதல் மோல்.

ஒரு நியமிப்பை எடுப்பம், அதாவது ஒரு கரைசலுக்கு மற்றதை அளந்து அளந்து விடுறது. குடுவையிலை 25.00 கன சென்ரிமீற்றர் அசற்றிக் அமிலம், செறிவு லீற்றருக்கு 0.20 மோல். அளவியிலை (கீழை திருகி உள்ள அளவுக்குழாய்) அதே செறிவிலை சோடியம் ஐதரொட்சைட்டு. அமிலத்தின்ரை பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. குடுவையிலை தொடக்கத்திலை 5.0 மில்லிமோல் அமிலம் மட்டும்தான். 1.8 × 10⁻⁵ ஐ 0.20 ஆலை பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஐதரசன் அயன் செறிவு 1.9 × 10⁻³, பிஎச் 2.72.

அளவியிலை இருந்து 10.00 கன சென்ரிமீற்றர் விட்டாச்சு. வன்மூலம் 2.0 மில்லிமோல் போய் முழுக்க முடிஞ்சுது. மிச்சம் அமிலம் 3.0, அசற்றேற்று 2.0. ரெண்டும் ஒண்டாக் கிடந்தால் அது தாங்கற் கரைசல், வேறை யோசனை தேவையில்லை. ரெண்டும் ஒரே கனவளவுக்குள்ளை இருக்கிறபடியால் 35 ஆலை பிரிச்சு மினைக்கெடவும் வேண்டாம், விகிதம் போதும்: பிஎச் 4.57. 12.50 இலை ரெண்டும் சமன், 4.74.

25.00 இலை அமிலமும் இல்லை, சோடியம் ஐதரொட்சைட்டும் இல்லை. 5.0 மில்லிமோல் அசற்றேற்று மட்டும், அதுவும் இப்ப 50.00 கனவளவிலை. அப்ப செறிவு 0.10, 0.20 இல்லை. இந்த இடத்திலைதான் புள்ளி போறது. கனபேர் 7 எண்டு எழுதிப்போட்டு அடுத்த வினாவுக்குப் போயிடுவினம். அசற்றேற்று நீர்ப்பகுப்பு அடையும், பிஎச் 8.87. 30.00 இலை மிச்சம் நிக்கிறது 1.0 மில்லிமோல் வன்மூலம். அசற்றேற்றை மறந்திடுங்கோ, 55 ஆலை பிரிச்சுச் செறிவை எடுத்தால் சரி, பிஎச் 12.26.

அந்த ஒரு வரியை எழுதிப் பழகினால் சூத்திரத்தாள் தேவைப்படாது. பல்தேர்விலை "பின்வருவனவற்றுள் தாங்கற் கரைசல் எது" எண்டு வாறதும் இதுதான். அமோனியா 0.2 மோலுக்கு ஐதரோக்குளோரிக் அமிலம் 0.1 மோல் விட்டால் தாங்கற் கரைசல். சமனா விட்டால் வெறும் அமோனியம் குளோரைட்டு.

காட்டியும், அதாவது நிறம் மாறி முடிவைக் காட்டுற பொருளும், இதிலையே வந்திடும். மேலை சொன்ன நியமிப்புக்கு மெதயில் செம்மஞ்சள் போட்டால், அது நிறம் மாறுற பிஎச் வீச்சு 3.1 இலை இருந்து 4.4, அளவியிலை 8 கன சென்ரிமீற்றர் போக முதலே மஞ்சளாகிடும். அமிலமும் மூலமும் சரியா ஒண்டையொண்டு முடிக்கிற சமவலுப் புள்ளி எங்கையோ 25 இலை நிக்குது. அதாலைதான் பினோத்தலீன். "மென்னமிலம் வன்மூலம் என்பதால்" எண்டு மட்டும் எழுதி விடாதேங்கோ, பிஎச் எந்த வீச்சிலை சடுதியா ஏறுது எண்டதையும் எழுதுங்கோ.

மற்றதுகள், நினைவுக்கு வாற ஒழுங்கிலை:

- 10⁻⁸ செறிவுள்ள ஐதரோக்குளோரிக் அமிலத்தின்ரை பிஎச் 8 இல்லை. தண்ணியிலை இருந்து வாற ஐதரசன் அயனையும் சேருங்கோ, 6.98.
- தூய நீரின்ரை பிஎச் 7 எண்டது 25 பாகையிலை மட்டும். வன்னியிலை மத்தியானம் ஆய்வுகூடத்திலை வைச்ச தண்ணி 7க்குக் கீழை நிக்கும், ஆனாலும் நடுநிலைதான். கூற்று வினாவிலை அடிக்கிற இடம்.
- அளவியை விடப்போற கரைசலாலை கழுவோணும், கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடிச்ச தண்ணியாலை மட்டும். ஏன் எண்டும் கேப்பினம்: குடுவைக்குள்ளை மோல் கூடக்கூடாது.
- அளவியின்ரை மேலை புனலை விட்டிட்டு வாசிக்காதேங்கோ. கீழ் நுனியிலை காற்றுக்குமிழ் இருக்கோ பாருங்கோ.

காபனேற்று நியமிப்பைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், எனக்கு அது கிணத்தடியிலைதான் விளங்கினது. எங்கடை பக்கத்துத் தண்ணி கேத்தலுக்கு அடியிலை வெள்ளையாப் படியும். இருகாபனேற்று கொதியிலை காபனேற்றாகிப் படியிறது அது. தேசிக்காய்ப் புளி விட்டால் சின்னச் சின்னக் குமிழ் விட்டுக் கரையும், ஏனெண்டால் சித்திரிக் அமிலம் காபோனிக் அமிலத்தை விட வலிது. அந்தத் தண்ணிக்குப் பினோத்தலீன் விட்டுப் பாத்தன், நிறமே இல்லை. மெதயில் செம்மஞ்சள் மஞ்சள். அப்ப அதுக்குள்ளை காபனேற்று எண்டு சொல்ல ஒண்டுமில்லை, இருகாபனேற்றுத்தான்.

இதையே சோதினையிலை சோடியம் காபனேற்றுக் கலவையாத் தருவினம். பினோத்தலீன் நிறம் போக விட்ட அமிலம் முதல் வாசிப்பு, மெதயில் செம்மஞ்சள் மாறும் வரை தொடக்கத்திலை இருந்து விட்ட மொத்தம் ரெண்டாவது. ரெண்டாவது முதலாவதின்ரை சரியா இரட்டிப்பு எண்டால் காபனேற்று மட்டும். இரட்டிப்பை விடக் கூட எண்டால் இருகாபனேற்றும் கலந்திருக்கு. குறைய எண்டால் சோடியம் ஐதரொட்சைட்டு.

சோடியம் ஐதரொட்சைட்டு எண்டதும், பரந்தனாலை போகேக்கை அந்த இடிஞ்ச இரசாயனத் தொழிற்சாலையைக் கண்டிருப்பியள். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுத்த இடம். கைத்தொழில் இரசாயனத்திலை எரிசோடா உற்பத்தி இருக்கு. உப்புக் கரைசலைச் சுத்திகரிக்கிற படியை விடாமல் எழுதுங்கோ, கல்சியம், மக்னீசியம் ஏன் அகற்றவேணும் எண்டதோடை.

கணிப்பான் இல்லைத்தானே. மடக்கை 2 எண்டால் 0.30, மடக்கை 3 எண்டால் 0.48. இந்த ரெண்டும் காணும். 1.8 எண்டது 2 பெருக்கல் 9, பிரித்தல் 10. அப்ப 0.30 கூட்டல் 0.96 கழித்தல் 1, 0.26. 10⁻⁵ இன்ரை ஐந்திலை இருந்து கழிச்சால் மேலை 12.50 இலை வந்த 4.74. பஸ்ஸுக்குள்ளை நிண்டுகொண்டே செய்து பாக்கலாம், நான் அப்பிடித்தான் பழகினனான்.