கடலில்லா ஊரிலிருந்து நீர்மூழ்கிகளைப் பற்றி

நீர்மூழ்கி என்றால் எங்கள் கொங்கு நாட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார்தான் முதலில் நினைவுக்கு வரும். கடலே இல்லாத கோவையில், ரெட்ஃபீல்ட்ஸில், கடற்படையின் ஐஎன்எஸ் அக்ரணி பயிற்சி நிலையம் இருப்பதைச் சிறுவயதிலிருந்தே வியந்து பார்த்திருந்தாலும், விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குனிந்து நடந்த பிறகே நீர்மூழ்கிப் படைப்பிரிவைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1967 டிசம்பர் 8 அன்று, சோவியத் ஒன்றியத்தின் ரீகா துறைமுகத்தில் நம் முதல் நீர்மூழ்கியான ஐஎன்எஸ் கல்வரி கடற்படையில் சேர்க்கப்பட்டது. அந்த நாளே இன்றும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1971 போரில் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி நம் குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்தபோது, கண்ணுக்குத் தெரியாத கப்பலின் வலிமையை இழப்பின் வழியே அறிந்தோம்.

டீசல் நீர்மூழ்கிகள், மின்கலங்களுக்கு மின்னேற்றும் எஞ்சினுக்குக் காற்று தேவைப்படுவதால், அவ்வப்போது நீர்மட்டத்தை ஒட்டி எழ வேண்டும். அப்போதுதான் எதிரியிடம் சிக்கும் ஆபத்தும் அதிகம். ஆனால் என்னை மிகவும் ஈர்த்தது, கரையிலிருக்கும் தலைமை ஆழத்தில் இருப்பவர்களுக்குக் கட்டளை அனுப்பும் முறைதான். சாதாரண வானொலி அலைகள் கடல்நீருக்குள் ஊடுருவுவதில்லை என்பதால், மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவையும் சில பத்து மீட்டர் ஆழம் வரையே இறங்கும். அவற்றை அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இயங்குகிறது. கட்டளையைக் கேட்கும் நீர்மூழ்கியோ, தன் இருப்பிடம் வெளிப்படாதிருக்க, பெரும்பாலும் பதில் பேசுவதில்லை.