ஸ்டேஜ் கேட்டீர்கள் சரி, மரபணு டெஸ்ட் கேட்டீர்களா?

அத்தைக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்டது இரண்டே கேள்விகள். "வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பாங்களா?" அப்புறம், "எந்த ஸ்டேஜ்?" யாரும் குடிப்பதில்லை, ஸ்டேஜ் நாலு. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால் டிபி கதை. தீராத இருமல் என்று போன அத்தைக்கு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து டிபி மாத்திரையை ஆரம்பித்துவிட்டார் ஒரு டாக்டர். நம் ஊரில் டிபி அதிகம், சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் சளியில் கிருமியே இல்லை, மாத்திரை சாப்பிட்டும் மூச்சிரைப்பு கூடுகிறது, எடை இறங்குகிறது என்றால் சிடி ஸ்கேன் எடுக்காமல் ஆறு மாதக் கோர்ஸை முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

வேறு டாக்டரிடம் போனோம். நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரை விலாவுக்கு இடையில் ஊசி போட்டு எடுத்தார்கள், ரத்தம் கலந்து கருஞ்சிவப்பாக வந்தது. அந்த நீரிலேயே புற்றுசெல்கள் இருந்தால் அது நாலாம் ஸ்டேஜ், அறுவை சிகிச்சைக்கு இடமில்லை.

நீரின் அடியில் படியும் செல்களையோ, பயாப்ஸியில் எடுத்த சதையையோ மெழுகில் பதித்து வைப்பார்கள். லேபில் அதற்குப் பெயர் பிளாக். நம்பர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய மெழுகுக் கட்டி, அவ்வளவுதான். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அதிலிருந்து மெல்லிசாகச் சீவித்தான் எடுப்பார்கள், சீவச் சீவத் தீர்ந்துபோகும். அதனால் எந்த டெஸ்ட் முதலில் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாக்கை வேறு லேபுக்குக் கொண்டுபோனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு!

அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் வகை என்றால், புற்றுசெல்களில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்வி இதுதான். இந்தியாவில் இந்த வகை வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது, புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். இருந்தால் கீமோவுக்குப் பதிலாக மாத்திரை. 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்தது, மாற்றம் இல்லாதவர்களுக்கோ கீமோதான் மேல். ஆக, டெஸ்ட் பண்ணாமல் குருட்டாம்போக்கில் மாத்திரை கொடுக்கவும் முடியாது.

மாற்றம் எதுவும் இல்லையென்றால் கீமோ, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி என்று வேறு வழி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் புற்று உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடலாம்.

அத்தைக்கு மாற்றம் இருந்தது. தினம் ஒரு 250 மில்லிகிராம் ஜெஃபிடினிப் மாத்திரை, முகமெல்லாம் பரு, நகக்கண்ணில் புண், ஆனால் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். இந்த மாத்திரை பெரும்பாலும் ஒரு கட்டத்தில் கேட்காமல் போகும், அவருக்கும் போனது. அப்போது டி790எம் என்ற புது மாற்றம் வந்திருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், பாதிப் பேருக்காவது வந்திருக்கும். வந்திருந்தால் ஓசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரை. இப்போது பலருக்கு இதையே முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை நீக்கினார்கள், அப்படியும் விலை கையைக் கடிக்கும். முழு விலை கொடுப்பதற்கு முன் நோயாளிகளுக்கான உதவித் திட்டம் ஏதாவது உண்டா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துவிடுங்கள்.