அவள் கேட்டதற்கு நான் விதி சொன்னேன்

"இனிமே நான் அடிக்கவே கூடாதா அக்கா?"

"நெட்டுக்கு மேல பந்து இருக்கும்போது கூடாது. கீழ இருந்தா அடிக்கலாம்."

இவ்வளவுதான் பேசிக்கொண்டோம். ஆறு வருடம் ஆகிறது. நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, வாலிபாலில் லிபெரோவுக்கான, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுக்க மட்டும் இறங்குகிற ஆளுக்கான, விதி அப்படித்தான். சர்வீஸ் போடக்கூடாது, பிளாக்குக்கு, அதாவது எதிரே அடிக்கிற பந்தைக் கை தூக்கி மறிக்க, தாவக்கூடாது, நெட்டின் மேல்விளிம்புக்கு மேலே முழுசாக இருக்கிற பந்தை அடித்து அனுப்பக்கூடாது. ஆனால் அவள் விதியைக் கேட்கவில்லை. பள்ளியில் இருந்தே நாலாம் நம்பர் இடத்தில், அதாவது முன்வரிசை இடது ஓரத்தில், நின்று அடித்துப் பழகியவள், லிபெரோ என்ன செய்வாள் என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் பதில் இருக்கிற வேறொரு கேள்வியாக அதை மாற்றிக்கொண்டு அதற்குப் பதில் சொன்னேன்.

முடிவு என்னுடையது இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எங்கள் கல்லூரி டீமின் உதவிப் பயிற்சியாளர். எங்கள் பழைய லிபெரோ படிப்பு முடிந்து போய்விட்டாள். எங்கள் பயிற்சியாளர் சார் நாலு நாள் பிராக்டீஸைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அவளைப் பற்றி, "எட்டாம் நம்பரை லிபெரோ போட்டுடலாம். 161 சென்டிமீட்டர் வச்சுக்கிட்டு சவுத் ஜோன் மேட்ச்ல பிளாக்கை எப்படித் தாண்டுவா? பாஸ் நல்லா இருக்கு, கால் வேகமா இருக்கு. நீ பேசு, நீ சொன்னா கேப்பா" என்றார். நான் சொன்னால் கேட்பாள் என்பது உண்மை. அதே டீமில் ஆடிவிட்டு வந்தவள் என்பதால் கிரவுண்டில் மேடம் என்றும் ஹாஸ்டலில் அக்கா என்றும் கூப்பிடுவார்கள். அவளுக்கு மாதவிடாய் வலி என்றால் சாரிடம் போய் "இன்னைக்கு ஜம்ப் வேண்டாம் சார்" என்று சொல்கிறவள் நான்தான். அந்த நம்பிக்கையைத்தான் சார் அன்றைக்கு என்னிடம் கேட்டார்.

சார் சொன்னதில் காரணம் இருந்தது. பெண்களுக்கு நெட் உயரம் 2.24 மீட்டர். கல்லூரிகளுக்கு இடையிலான மேட்சில் அவள் தாவி அடித்துவிடுவாள், ஆனால் பல்கலைக்கழக அளவில் எதிரே இரண்டு உயரமான பெண்கள் கை தூக்கினால் அந்தச் சுவரைத் தாண்ட அவளுக்கு இடமே கிடைக்காது. சார் பழைய கணக்கில், அதாவது சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட் என்று 15 வரை எண்ணிய காலத்தில், மண் கோர்ட்டில் ஆடி வளர்ந்தவர். 1998-ல் லிபெரோ வந்தபோது குள்ளமான பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டவர். அவளை ஒதுக்க நினைக்கவில்லை, காப்பாற்றத்தான் நினைத்தார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் என் நோட்டைப் பற்றியது.

உதவிப் பயிற்சியாளர் வேலை என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பந்துக்குக் காற்று பார்ப்பது, ஆடப் போகிறவர்களுக்கு வகுப்பு விலக்கு தரும் ஓ.டி. கடிதத்துக்கு ஒவ்வொரு துறைத்தலைவர் அறை வாசலிலும் நிற்பது, ரயில் டிக்கெட், டேப், ஐஸ், மெஸ்ஸில் முட்டை வந்ததா என்று பார்ப்பது, அப்புறம் மேஜை மேல் ஏறி நின்று நெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் மேல் பந்தை அடித்துக்கொண்டே இருப்பது. இதற்கு நடுவில் நான் எனக்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. யார் எத்தனை பந்து அடித்தார்கள், எது பாயின்ட், எது பிளாக்கில் நின்றது, எது வெளியே போனது, எல்லாம் கோடு கோடாக இருக்கும். அந்த சீசனில் எட்டாம் நம்பர் எதிரே இரட்டை பிளாக் வந்தபோது அடித்த பந்துகளைத் தனியாக எண்ணியிருந்தேன். 41 பந்து, 17 பாயின்ட். அதில் பாதிக்கு மேல் பிளாக்கரின் விரலில் பட்டு வெளியே போனவை. அவள் சுவரைத் தாண்டப் பார்க்கவில்லை, சுவரின் ஓரத்தைத் தேடி அடித்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை, உயரம் இல்லாததால் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

அந்தப் பக்கத்தை நான் சாரிடம் காட்டவில்லை.

ஏன் என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது. 41 பந்தை வைத்து என்ன சொல்ல முடியும், அதுவும் எங்களைவிடப் பலவீனமான டீம்களோடு ஆடிய மேட்சுகள் என்று ஒரு பதில். முப்பது வருடம் பயிற்சி கொடுத்தவர் முன்னால், வேலைக்கு வந்து மூன்றாவது வருடத்தில் நோட்டை நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று இன்னொன்று. ஒரு டீமில் ரெண்டு குரல் கேட்டால் பிள்ளைகள் ரெண்டாகப் பிரிவார்கள், நான் ஆடின காலத்திலேயே அதைப் பார்த்திருக்கிறேன் என்று மூன்றாவது. மூன்றுமே சரிதான். ஆனால் அது மார்ச் மாதம், என் தொகுப்பூதிய ஒப்பந்தத்தை மே மாதம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு சார் கையெழுத்து வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அந்த நிமிடத்தில் அதை நினைத்தேனா என்று தெரியவில்லை. நினைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது எப்போதும் உள்ளேயே இருந்தது.

சர்வதேச விதிப் புத்தகத்தில் எங்களைப் பற்றி ஒரு வரி உண்டு. உதவிப் பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரலாம், ஆனால் ஆட்டத்தில் தலையிட உரிமை இல்லை. டைம்அவுட் கேட்கக்கூடாது, மாற்று ஆட்டக்காரரை அனுப்பக்கூடாது. பயிற்சியாளர் வெளியேற வேண்டி வந்தால் மட்டும், அதுவும் கேப்டன் நடுவரிடம் சொன்ன பிறகு, அவர் இடத்தில் நிற்கலாம். அந்த வரி எனக்குப் பெரிய நிழலாக இருந்தது. ஆனால் அது ஆட்டம் நடக்கும்போது பொருந்துகிற விதி. அவளோடு நான் பேசியது மேட்சில் இல்லை, சாயங்காலம், நெட்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது. அங்கே என்னைத் தடுக்க எந்த நடுவரும் இல்லை.

அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. நான் மேஜை மேல் நின்று காலையில் இருநூறு பந்து அடிப்பேன், அவள் எடுப்பாள். முன்கை சிவந்து போயிருக்கும். முதல் மேட்சுக்கு முன் நெட்டில் வார்ம்அப், எல்லோரும் நாலில் வரிசையாக நின்றார்கள், அவளும் பழக்கத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டாள். அப்புறம் தன் உடம்பில் இருந்த, லிபெரோவுக்கான வேறு நிற ஜெர்சியைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகி என் பக்கம் திரும்பினாள். நான் பந்துப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

சரி, பலன் என்ன ஆனது? நன்றாகத்தான் ஆனது. அடுத்த வருடம் பல்கலைக்கழக டீமில் இடம் கிடைத்தது, தென்மண்டலம் ஆடினாள், அகில இந்தியப் போட்டிக்குப் போனாள், பல்கலைக்கழக அளவில் ஆடியதற்கான ஃபார்ம் 3 சான்றிதழ் வாங்கினாள். அந்தக் காகிதம் வேலைக்கு எவ்வளவு முக்கியம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும், அது இல்லாமல்தான் ரெண்டு ட்ரையல்ஸில் திரும்பி வந்து உடற்கல்விப் படிப்பான பி.பி.எட். சேர்ந்தேன். அட்டாக்கராகவே இருந்திருந்தால் அவளுக்கும் அது கிடைத்திருக்காது என்பதுதான் நியாயமான கணக்கு. அவள் பைனலில் எடுத்த ஒரு பந்தை, விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஓடிப்போய் ஒற்றைக் கையால் உள்ளே அனுப்பியதை, நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சார் எழுந்து நின்று கை தட்டினார்.

ஆனால் படிப்பு முடிந்து ஒரு துறையின் டீமுக்கு ஆள் எடுக்கும் ட்ரையல்ஸுக்குப் போனபோது, எங்களிடம் லிபெரோ இருக்கிறார், இந்த வருடம் ரெண்டு அட்டாக்கர் மட்டும்தான் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டீமில் அட்டாக்கர் நாலைந்து பேர் இருப்பார்கள், லிபெரோ அதிகபட்சம் ரெண்டு, பல இடங்களில் ஒன்று. இதை அவளிடம் அந்த சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டியவள் நான். கதவு திறக்கிறது என்று சொன்ன நாங்கள், அது எவ்வளவு குறுகலான கதவு என்று சொல்லவில்லை. இப்போது அவள் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

இதில் இருந்து பாடம் கற்றுக்கொண்டேன் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். போன வருடம் இதே போல இன்னொரு பெண் விஷயத்தில், அவளும் குள்ளம்தான், நோட்டை எடுத்துக்கொண்டு போய் சாரிடம் பேசினேன். நெஞ்சு படபடத்தது. சார் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார், "உனக்கு அப்படித் தோணினா விடு, அட்டாக்கராவே இருக்கட்டும்" என்று உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவு எளிதாக நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, அதுவே எனக்கு ஒரு அடியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு முகாமில் இடம் கிடைக்கவில்லை. அவள் அம்மா போனில் என்னிடம், "லிபெரோவா போட்டிருந்தா கிடைச்சிருக்கும்னு சொல்றாங்களே மேடம்" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்படியென்றால் முதல் தடவை வாயை மூடிக்கொண்டது சரியா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஏன் இல்லை என்று கேட்டால், பலனை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன், அதுதான் உறுத்துகிறது. "எனக்குத் தெரியல, உன் அடி எனக்குப் பிடிக்கும், ஆனா சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லியிருந்தாலும் அவள் லிபெரோ ஆகித்தான் இருப்பாள். ஒன்றும் மாறியிருக்காது. இருந்தும் சொல்லியிருக்கலாம்.

இந்தப் பொங்கலுக்கு அவள் போன் செய்தாள். அவள் ஊர்ப் பக்கம் பெண்களுக்கு டோர்னமென்ட் வைத்திருக்கிறார்கள், ராத்திரி லைட் போட்டு நடந்ததாம், ஆள் குறைந்ததால் இவளை நாலில் நிறுத்தியிருக்கிறார்கள். "ரெண்டு பால் பிளாக்ல பட்டு வெளிய போச்சு அக்கா" என்றாள். அந்தக் குரலை நான் கல்லூரியில் முதல் வருடத்தில் கேட்டது. நோட்டைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. தோள்பட்டை வலிக்குதா என்று கேட்டேன். வலிக்குது என்றாள்.

அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் கிரவுண்டுக்கு வருகிறாள். அந்தப் பழைய நோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. காட்டுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.