95,000 என்று எழுதாத ஒரு தாள்

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா கொத்தனார், எட்டாவதோடு நின்றவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊர் அரியலூர் மாவட்டத்தில். 2023-ல் பொறியியல் கலந்தாய்வில் திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தபோது ஊரில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "முதல் பட்டதாரிக்குச் சலுகை இருக்கு, பேங்க்ல லோன் தராங்க, அப்புறம் என்ன?" இரண்டும் உண்மை. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளி, அந்தப் பக்கம் அரசுப் பள்ளி. என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது அந்த ஒதுக்கீடே வரவில்லை. அப்பாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

முதல் பட்டதாரி சான்றிதழ் பெரிய சிரமம் இல்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். விஏஓ ஆபீசில் மட்டும் ஒரு சிக்கல். "ஒங்க சித்தப்பா பி.ஏ. படிச்சவருதானே, அப்புறம் எப்படி நீ முதல் பட்டதாரி?" என்று தலையாரி கேட்டார். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள், இவர்களில் பட்டதாரி இருக்கக் கூடாது. சித்தப்பா இந்தக் கணக்கில் சேரமாட்டார். இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது.

உண்மையான கூத்து கல்லூரி அலுவலகத்தில் தொடங்கியது. கல்விக் கட்டணம் 50,000, விடுதியும் சாப்பாடும் 65,000, மற்றவை 5,000. ஆக வருடத்துக்கு 1,20,000. முதல் பட்டதாரி சலுகையில் 25,000 கழிந்தால் நாங்கள் கட்ட வேண்டியது 95,000. எங்களுக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். கவுன்டரில் இருந்தவர், "முழுசாக் கட்டுங்க, கவர்ன்மென்ட்ல இருந்து வந்ததும் திருப்பித் தருவோம்" என்றார். எப்போது வரும் என்று அப்பா கேட்டதற்கு, "வரும்போது வரும்" என்று பதில். முதல் செமஸ்டருக்கு 60,000 உடனே கட்டச் சொன்னார்கள். ஊரில் மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டினோம். மாதம் 1,800 வட்டி. அடமானம் அம்மாவின் செயினும் தோடும்.

கடனுக்கு வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. அனுப்பினேன். ஒரு கிளையும் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் போனோம். ஊர்ப்பக்கத்துக் கிளையில் மேலாளர் பொறுமையாகத்தான் பேசினார். அப்பாவுக்கு பான் கார்டு இல்லை, அதற்கு ஒரு வாரம் போயிற்று. பிறகு கல்லூரி கொடுத்த போனஃபைடை, அதாவது நான் அங்கே படிக்கிறேன் என்று காட்டும் சான்றுத் தாளைப் பார்த்தார். அதில் நான்கு வருடக் கட்டணம் இருந்தது. "மொத்தம் 4,80,000 வருதும்மா. நாலு லட்சத்துக்கு மேல போனா அஞ்சு சதவீதம் நீங்க போடணும்." அதாவது 24,000. வட்டிக்கு வாங்கிய 60,000 ஒரு பக்கம் நிற்க, இது வேறு. அப்பா ஒன்றும் பேசாமல் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்தத் தாளில் என்ன பிழை என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து கலெக்டர் ஆபீசில் கல்விக் கடன் முகாம் என்று பேப்பரில் பார்த்துப் போனோம். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கியின் மேசையில் இருந்த பெண் அதிகாரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "ஒனக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கா?" இருக்கிறது என்றேன். "அப்ப கவர்ன்மென்ட் கட்டப்போற காசுக்கும் சேத்து நீ எதுக்குக் கடன் வாங்குற?" பேனாவை எடுத்து ஓரத்திலேயே கணக்குப் போட்டார். 95,000 பெருக்கல் நான்கு, 3,80,000. நான்கு லட்சத்துக்குள் வந்துவிட்டது. நம் பங்குப் பணம் வேண்டாம், சொத்து ஈடும் வேண்டாம். கல்லூரி தன் தாளில் ஒரே ஒரு வரி, 'அரசு சலுகை 25,000 கழிக்க' என்று எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் இரண்டு மாதம் அலைந்திருக்கிறோம்.

திரும்பக் கல்லூரிக்குப் போனால், "எல்லாருக்கும் இந்த ஃபார்மட்தான்" என்றார்கள். முதல்வர் அறைக்கு வெளியே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். அவர் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் கடன் வந்தது. நகையை மீட்பதற்குள் வட்டி மட்டும் 7,200 போயிருந்தது. கல்லூரி திருப்பித் தர வேண்டிய 25,000 இரண்டாம் வருடக் கட்டணத்தில்தான் கழிந்தது. அரசுப் பணம் தாமதமாக வருகிறது என்று கல்லூரி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தாமதத்துக்கு எங்கம்மா எதுக்கு வட்டி கட்டணும்?

வட்டி என்றதும் இன்னொன்று. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் கல்விக் கடன் வட்டியை மத்திய அரசு ஏற்கும். கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் அல்லது என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் படிக்க வேண்டும். இது தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வராது. வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுக்க வேண்டும், கிளை அதைத் தளத்தில் ஏற்றிக் கேட்க வேண்டும். முதல் வருடம் சான்றிதழ் கொடுத்தும் மானியம் வரவில்லை. போய்க் கேட்டேன். "ஃபைல்ல இருக்கு, போர்ட்டல்ல ஏத்தல."

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் என்று 2024 டிசம்பர் கடைசியில் நீட்டித்தார்கள். மாதம் 1,000. போட்டுவிட்டோம் என்று செய்தி வருகிறது, கணக்கில் காசு இல்லை. கடைசியில் அது எட்டாவது படிக்கும்போது பள்ளியில் திறந்த ஒரு பழைய கணக்கில் சமர்த்தாக விழுந்துகொண்டிருந்தது. பாஸ்புக்கில் எந்த நம்பர் இருந்தாலும் சரி, ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கேதான் அரசுப் பணம் போகும். ஆதார் தளத்திலேயே இதைப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

இரண்டாம் வருடக் கடைசியில் நானும் விடுதித் தோழிகள் இருவரும் சேர்ந்து ஒரு மாதிரித் தாள் தயாரித்து முதல்வரிடம் கொடுத்தோம். மொத்தக் கட்டணம், அரசு கட்டுவது, மாணவர் கட்டுவது, எந்தத் தேதிக்குள். நான்கே வரி. இந்த வருடம் முதல் போனஃபைட் அப்படித்தான் வருகிறது. சேர்க்கை மாதங்களில் சலுகைக்கும் கடனுக்கும் தனியாக ஒரு மேசை போட்டு ஒருவரை உட்காரவைத்திருக்கிறார்கள். இருந்தாலும் 25,000-ஐ முன்கூட்டியே வசூலிப்பது நிற்கவில்லை. அதைக் கேட்டால் முதல்வர் நிர்வாகத்தைக் கைகாட்டுகிறார்.

போன வாரம் பாஸ்புக் பதிந்து பார்த்தேன். முதல் வருட வட்டி மானியம் ஒருவழியாக ஏறியிருக்கிறது. இரண்டாம் வருடத்தைக் காணோம். வருமானச் சான்றிதழில் இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அவர்கள் ஃபைலுக்கு. இன்னொன்றை என் கண்ணெதிரே தளத்தில் ஏற்றுகிறவரை கிளையை விட்டுக் கிளம்புவதாக இல்லை.